கிருமி கொல்லும் விளக்கை நான் திருடியதாகச் சொல்லப்படுவது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் எழுத்தர் மேலே உள்ள கட்டங்களில் குறித்துக்கொண்டார். வயது ஐம்பத்திரண்டு. தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இதற்கு முன் என்மீது எந்தப் புகாரும் இருந்ததில்லை. புதுக் கண்ணாடி போட்டும் மாமியார் முகம் அப்படியேதான் தெரிகிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அது காவல் நிலையம்வரை வரவில்லை.

அதிகாரி கேட்டதன்பேரில் சொல்வதாவது: என் கடைக்கு அடுத்தது மருந்துக் கடை. அதை நடத்துபவன் என் மனைவியின் தம்பி, இந்தப் புகாரைக் கொடுத்திருப்பவன். இரண்டு கடைக்கும் நடுவே உள்ள ஒரே சுவரைத் துளைத்து, அதில் ஓர் உப்புநீர் மீன்தொட்டியைப் பதித்திருக்கிறோம். இந்தப் பக்கம் என் வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள், அந்தப் பக்கம் அவனுடைய இருமல்காரர்கள் பார்ப்பார்கள். மூடி என் பக்கம் திறக்கும், மின் இணைப்பு அவன் பக்கம் இருக்கிறது. இந்த அருமையான ஏற்பாட்டைச் செய்தது நாங்கள் இருவருமே. வேறு யார்மீதும் பழிபோட வழியில்லை.

தொட்டியில் சிடுமூஞ்சி என்று நாங்கள் கூப்பிடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும், என் மனைவி மகாராணி என்று பெயர் வைத்த ஒரு பவளமும் இருக்கின்றன. பவளம் என்றதும் எழுத்தர் என் மோதிரத்தைப் பார்த்தார். அந்தப் பவளம் அல்ல. இது உயிருள்ளது, பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக விரிந்து ஆடும். பெயர்த்து இடம் மாற்றினால் பிழைக்காது. இது தெரிந்தும், வழக்கு முடியும்வரை தொட்டியைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் வீட்டில் வைக்க வேண்டும் என்று என் மைத்துனன் புகாரில் கேட்டிருக்கிறான். என்னைத் திருடன் என்று எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க மாட்டேன் என்று பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் சிடுமூஞ்சியின் உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. அதன் பிறகு மைத்துனன், யூவி எனப்படும் புற ஊதாக் கதிர்க் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று ஆரம்பித்தான். அது ஒரு கறுப்புக் குழாய். தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்த் திரும்பும். உள்ளே இருக்கும் விளக்கின் கதிர் பட்டுக் கிருமிகள் சாகும். கிருமி என்றால் கொல்ல வேண்டும் என்பதற்கு மேல் மருந்துக்கடைக்காரனுக்கு யோசனை ஓடாது. "இதைப் போட்டா தண்ணில மிதக்கிற கிருமி அத்தனையும் காலி அத்தான்" என்றான். "மாப்ளே, மகாராணி சாப்பிடுறதும் தண்ணில மிதக்கிறதத்தான். அதையும் சேத்துக் கொன்னுட்டு, அவளுக்கு உன் கடை இருமல் மருந்தையா ஊத்துவே?" என்று நான் கேட்டேன். இதை எழுத்தர் வாய்த்தகராறு என்று எழுதினார். இது தகராறு அல்ல, ஆலோசனை என்று ஆட்சேபித்தேன்.

அதன் பிறகு என்னைக் கேட்காமலே அவன் கருவியை வாங்கி வந்து, என் பக்கத்தில், மூடிக்கு அருகே மாட்டினான். அந்தக் கதிரை நேராகப் பார்த்தால் கண் கெட்டுப்போகும் என்பதால், கண் பரிசோதனைப் பலகையைப் போலவே முதல் வரி பெரிதாகவும் கடைசி வரி பொடியாகவும் நானே ஓர் அறிவிப்பு எழுதித் தொங்கவிட்டேன். உள்ளே பார்க்காதீர் என்பது அதன் சாரம். கடைசி வரியை என்னால் படிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். கருவியின் மேல், மின்சாரம் வருவதைக் காட்டும் ஒரு பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. எங்களில் யாரும் கருவியைத் திறந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு சிடுமூஞ்சி தேறியது உண்மை. மைத்துனன் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் யூவியின் பெருமையைச் சொல்லி, அவர்களுக்குத் தலைவலியை அதிகமாக்கினான். ஆனால் அதே நாட்களில் மகாராணி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு முஷ்டியைப்போல் சுருங்கிக் கிடந்தாள். கடை திறந்ததும் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, விரலால் தொட்டு நான் பரிசோதித்தேன். மதியமும் பரிசோதித்தேன், சாயங்காலமும் பரிசோதித்தேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சுருங்கியே இருந்தாள். அந்தக் கருவிதான் அவளைப் பட்டினி போட்டுக் கொல்கிறது என்று அடித்துச் சொல்கிறேன்.

நேற்று மதியம் பொறுக்க முடியாமல் கருவியைக் கழற்றப் போனேன். அதன் பிறகு மைத்துனன் தன் கடையிலிருந்து ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தான். நான் இழுத்தேன், அவனும் இழுத்தான், கருவி எங்கள் இருவரையும் கைவிட்டுத் தரையில் விழுந்து உடைந்தது. குழாய் கழன்று உப்புத் தண்ணீர் கடையெங்கும் ஓடியது. கண் பரிசோதனைக்கான கண்ணாடிச் சட்டத்தை மாட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எல்லாம் தண்ணியா தெரியுதே தம்பி, நம்பர் சரியா?" என்று கேட்டார். காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு துண்டுகளைப் பொறுக்கியபோது உள்ளே இருக்க வேண்டிய விளக்கு இல்லை. ஒரு சில்லுகூட இல்லை. மைத்துனன் உடனே, "விளக்கத் திருடிட்டு, அது தெரியக் கூடாதுன்னு ஒடைச்சிருக்கீங்க!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தான். அந்த விளக்கை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை.

இவ்வளவும் சொல்லி முடித்த நிலையில் என் மனைவி நிலையத்துக்கு வந்தாள். கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிய ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். அது அந்த விளக்கு. கருவியை வாங்கி வந்த அன்றே, நாங்கள் இருவரும் எங்கே மாட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கழற்றிவிட்டதாகச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் எப்படியும் அடிச்சுக்கத்தான் போறீங்க. அதுல எதுக்கு ஒரு விளக்கு வீணா ஒடையணும்?" என்றாள்.

"அக்கா, அப்ப சிடுமூஞ்சி எப்படிப் பொழைச்சுது?" என்று என் பக்கத்திலேயே நின்றிருந்த மைத்துனன் கேட்டான். "வேளாவேளைக்கு நான் தீனி போட்டேன்டா. அதுவா தேறிக்கிச்சு." அதன் பிறகு நான், மகாராணி ஏன் சுருங்கினாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஏங்க, ஒருத்தர் நாள் முழுக்க மூஞ்சில டார்ச் அடிச்சு நோண்டிக்கிட்டே இருந்தா நீங்க விரிஞ்சு ஆடுவீங்களா?" என்றாள். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இது அரசு ஊழியருக்கு அழகல்ல என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு, கருவி மகாராணியைக் கொல்கிறது என்று நான் மேலே அடித்துச் சொன்ன வாக்கியத்தை அடித்துவிடக் கேட்டேன். பதிவானதை அடிக்க விதியில்லை என்றார்கள். மைத்துனனும் திருட்டு என்ற சொல்லை அடிக்கக் கேட்டான். அவனுக்கும் அதே பதில். இந்த நிலையத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

தொட்டியை எடுப்பதா என்று அதிகாரி கேட்டார். "அந்தச் சுவர்லேருந்து எதையாவது எடுத்தே ஆகணும்னா இவங்க ரெண்டு பேரையும் எடுங்க சார்" என்றாள் என் மனைவி. மைத்துனன் தரையைப் பார்த்தபடி, தொட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றான். நானும் இனி மூடியைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். மூடிப் பூட்டின் சாவி என் மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது.

கடைசியாக அதிகாரி குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் ஒரு தொட்டி இருக்கு. யூவி போடலாமா, வேணாமா?" என்று கேட்டார். "போடுங்க" என்று மைத்துனனும் "வேணாம்" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். என் மனைவி மேசைமேல் இருந்த விளக்கை எடுத்துத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

படித்துக் காட்டக் கேட்டேன். இதன் முற்பகுதி அப்போது எனக்குத் தெரிந்த அளவிலும், பிற்பகுதி என் மனைவிக்குத் தெரிந்த அளவிலும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் மனைவியின் முன்னிலையில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கண்ணாடிக்காரர்