கம்பளி ஆட்டம்

கெண்டைக்கால் இழுக்கிறது ஐயா, நின்றபடியே சொல்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீருக்குள் நின்று மண் வெட்டுகிறவனுக்கு உட்கார்ந்தால்தான் நோவு கூடும். இரண்டு எட்டு அப்படியும் இப்படியும் நடந்தால் பேச்சும் ஒழுங்காக வரும். ஓடிவிட மாட்டேன். ஓடுகிறவனாக இருந்தால் நானாக மலை இறங்கி உடப்புசல்லாவை டவுன் பொலிசுக்கு வந்திருப்பேனா?

என் பெயர் கந்தப்பன். மேல்லயத்து வீட்டு வரிசையில் தொங்கல் காம்பராவில், கடைசி அறையில் குடியிருப்பு. தோட்டத்தில் கான் வெட்டு வேலை. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தேயிலை மலைக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். அது அடைபட்டால் மலை சரியும். அதனால் மழை விட்டதும் முதல் ஆளாக மலைக்குப் போகிறவன் நான்.

அழகன் செத்ததற்கு மூக்கனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மூக்கன் செய்யவில்லை. அவனுக்குச் செய்யவும் வராது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாங்கள் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர். தீபாவளி, பொங்கல் என்று வேலை இல்லாத நாளில் சாப்பிட்டுவிட்டுக் கூடினால் கம்பளி ஆட்டம்தான். மழைக்குப் போர்த்துகிற கம்பளியை ஒருவன் தலையில் கவிழ்த்துக் கழுத்தோடு கயிறு கட்டிவிடுவோம். கண் தெரியாது, காதும் பாதி அடைத்துக்கொள்ளும். அவனைச் சுற்றி விடுவோம். தனக்கு நம்பிக்கையான ஒருவனை அவன் வழிகாரனாக எடுத்துக்கொள்ளலாம். வழிகாரன் தூரத்தில் நின்று கூப்பிடுவான். மற்றவர்கள் எல்லாப் பக்கமும் நின்று கத்திக் குழப்புவார்கள். வழிகாரனின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய் அவனைத் தொட வேண்டும். வழிகாரன் பொய் சொல்லக் கூடாது. ஆட்டத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அழகன் கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது முதுகில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியவன். ஆனால் அவனுக்குச் சிரிப்பு வேண்டும். எந்தக் கூட்டத்திலும் யாரையாவது வைத்துச் சிரிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

போன தீபாவளிக்குக் கம்பளிக்குள் நான். வழிகாரன் அழகன்.

"நேரா வா மச்சான், நேரா வா. ஒன் பொண்டாட்டி பலகாரத் தட்டோட நிக்குது" என்றான்.

நேராகத்தான் போனேன். மாட்டுப்பட்டி எருக்குழிக்குள் இடுப்பு வரை இறங்கினேன். தடுமாறி முகம் குப்புற விழுந்ததில் கம்பளியோடு எரு வாய்க்குள்ளும் போனது. லயத்துச் சனம் எல்லாம் வந்து நின்று சிரித்தது. என் மனைவி ராசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் சிரிப்பார்கள்.

அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கூடுகிற இடத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா ஆளைக் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்தார். என் பெயர் வந்ததும் அழகன் முந்திக்கொண்டு, "எருக்குழி வந்தாச்சுங்க" என்றான். கண்டாக்கையாவே சிரித்துவிட்டார். பிறகு அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கும் நான் எருக்குழி அண்ணன் ஆகிவிட்டேன். ஒரு நாள் என் மகள் கேட்டாள்.

"அப்பா, எருக்குழிங்கிறதுதான் உங்க பேராப்பா?"

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றில் கை வைத்ததும் எழுந்துவிடுவேன். படுத்தால் புரளுவேன், எழுந்து வாசலில் நடப்பேன். "என்னாங்க, கால்ல எறும்பா ஏறுது?" என்பாள் ராசம்மா.

அழகனின் காம்பராவுக்குப் போய் மரியாதையாகவே கேட்டேன்.

"அழகா, அந்தப் பேர விட்டுரு. புள்ள கேக்குது."

"அட போ மச்சான், வெளையாட்டுக்குத்தானே. வேணும்னா மரியாதையா மாத்திக் கூப்புடுறேன். எருக்குழித் தலைவர். எப்புடி?"

அடுப்படியிலிருந்து அவன் மனைவி பூரணி, "ஏங்க, அண்ணன விடுங்களேன். பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' எனக்கு எருக்குழியைவிடக் கசந்தது.

இந்தத் தீபாவளிக்கு முதல் நாள் வரை அடைமழை. விட்டதும் மண்வெட்டியோடு போனேன். கீழ்மலையில் கடைசிக் கானுக்குக் கீழே வண்டி ரோடு ஓடும். அன்றைக்கு அந்த வளைவில் ரோடு இல்லை, சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். சத்தம் வரச் சுணங்கியது. இன்னொரு கல்லும் போட்டுப் பார்த்தேன்.

இப்படி நடந்தால் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கண்டாக்கையாவிடம் சொல்ல வேண்டும். துணி என் மடியில் இருந்தது. அப்படியே திரும்பி வந்து, "கான் ஒண்ணும் அடைபடலீங்கையா" என்றேன். அது உண்மை. அவர் ரோட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் லயத்து வாசல் முழுக்கச் சேறு. "கீழ்மலைக்குப் போவோம், செடிக்குள்ள ஆடுனா இன்னும் வேடிக்கை" என்று நான்தான் சொன்னேன். மலையில் பனி இறங்கிப் பக்கத்தில் நிற்பவன் முகமே மங்கலாகத் தெரிந்தது.

"இந்தப் பனிக்குள்ள கம்பளி எதுக்குடா? எல்லாருமே குருடந்தான்" என்றான் மூக்கன்.

முதலில் கம்பளிக்குள் அழகன் வந்தான். மூக்கன்தான் கயிறு கட்டினான். வழிகாரன் யார் என்று கேட்டதும் அழகன், "எருக்குழிதான். அவன் பயந்தவன், பொய் சொல்ல மாட்டான்" என்றான். என்னை எடு என்று நான் கேட்கவில்லை ஐயா. அவனாகத்தான் எடுத்தான்.

நான் ஓரமாக இறங்கி, சரிவுக்கு அந்தப் பக்கம் மிஞ்சியிருந்த ரோட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். மேலே நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அழகன் என் குரலையே பிடித்துக்கொண்டு வந்தான்.

மலையில் வேலை செய்கிறவன் கண்ணை நம்பி நடப்பதில்லை. செடி இடுப்பில் உரசுகிறது, கால் கானைத் தொடுகிறது, அது போதும். கடைசிக் கானுக்குக் கீழே ரோடு என்று காலுக்கே தெரியும். அந்தக் கரையிலிருந்து யாரும் தடவி இறங்குவதில்லை, குதிப்பதுதான் பழக்கம். கொழுந்துக் கூடையோடு பெண்கள்கூடக் குதிப்பார்கள். டவுன்காரனாக இருந்தால் ஒரு காலை நீட்டிப் பார்த்திருப்பான், பிழைத்திருப்பான்.

அழகன் கரையில் வந்து நின்றான். கம்பளிக்குள்ளிருந்து சிரிப்பாகக் கேட்டான்.

"மச்சான், ரோட்டுக்கு வந்துட்டேனா?"

"வந்துட்டே. குதி" என்றேன்.

இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தான்.

பிறகு பனிக்குள் நின்று, "யாருடா குதின்னு சொன்னது? மூக்கனா?" என்று சத்தம் போட்டேன். கேள்வியாகத்தான் கேட்டேன். மூக்கனுக்கும் அழகனுக்கும் அந்த வாரம் ஒரு சேவல் விசயமாகச் சண்டை நடந்திருந்தது. மற்றதைச் சனமே பேசிக்கொண்டது. நீங்களும் வந்து அவனைக் கூட்டிப் போனீர்கள்.

இப்போது லயம் முழுக்க, மூக்கன் குரலுக்குப் போய் அழகன் விழுந்தான் என்றே பேச்சு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கன் குரலுக்கு அழகன் ஓரடி எடுத்து வைத்திருக்க மாட்டான். என் குரல் என்பதால்தான் குதித்தான். கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது கான்காரர்கள் பொறுப்பு. அழகனுக்கும் நான்தான் வெட்டினேன். பக்கம் இடியாத நல்ல குழி. அன்றைக்குக் கண்டாக்கையா முதற்கொண்டு எல்லோரும் என்னைக் கந்தப்பன் என்றே கூப்பிட்டார்கள். குழி வெட்டினவனுக்குச் செத்த வீட்டில் சாராயம் கொடுப்பது வழக்கம். பூரணி தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, அவருக்கு நீங்கன்னா உசுரு" என்று அழுதாள்.

வாங்கிக் குடித்தேன். கொன்றவன் அதை வாங்கியிருக்கக் கூடாது. அழகனுக்கும் எனக்கும் நேராகிவிட்டது, அதில் பேச்சில்லை. பூரணிக்கு மட்டும் நான் ஒரு போத்தல் சாராயம் கடன்.