மன்னிப்புக் கடுதாசியில் எழுதியது

வேப்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கபடி வீராங்கனைகள்.

“மன்னிப்புக் கடுதாசியிலயும் திமிரு காட்டுனியாமே?” என்றாள் குட்டை முடிக்காரி.

“பின்ன? பீங்கான் கம்பெனியில வேலைய வுட்டு நிறுத்துன பொம்பளைங்களுக்காக கையில கறுப்புத் துணி கட்டி ஆடுனா தப்பாமா? எழுதலன்னா டீம்ல இடமில்லன்னுட்டாரு மேனேஜரு,” என்றாள் மற்றவள்.

“என்னா எழுதுன?”

“துணி சின்னதா இருந்ததுக்கு மன்னிக்கணும், அடுத்த மேட்சுல பெருசா கட்டிக்கிட்டு வரேன்னு.”

“அடிப்பாவி! விளையாட்டுக் கோட்டாவுல வர்ற வேலை போயிடும்டி.”

“போவட்டும். நிறுத்துனதுல எங்கம்மாவும் ஒருத்தி. அது சம்பாதிச்ச சோத்தத் தின்னுட்டுதான இத்தினி நாளு ஆடுனேன்?”

குட்டை முடிக்காரி தன் கையை அவள் முன் நீட்டினாள். பிறகு சொன்னாள்:

“எனக்கும் ஒண்ணு கிழிச்சு வைய்யி. உன் பழைய பாவாடையில மட்டும் வேணாம்.”