பழைய பிரிண்டர்

– கதவு திறந்துதான் இருக்கு, வெண்டெல். ஆனா உன்னை உள்ளே விடக்கூடாதுன்னு உத்தரவு.

– வேலையை விட்டுத் தூக்கினவனை எப்படி விடுவாங்க? என் கோட்டும் டூல் பையும் அந்தக் கொக்கியில இருக்கு. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.

– வா, வா. யாரும் பார்க்கல.

– என்ன மார்செல், எல்லா கேபிளுக்கும் புது லேபிளா? ரெண்டு முனையிலயும்?

– முந்நூத்திப் பன்னெண்டு. மூணு நாளா இதே வேலைதான்.

– வான்கோழி நாத்தம் இன்னும் போகலையே.

– ரெண்டு தடவை கழுவியாச்சு. நாலாயிரம் வான்கோழிப்பா. தேங்க்ஸ்கிவிங் லீவு மூணு நாளும் ஃப்ரீசர் நின்னு கிடந்திருக்கு, அலாரம் அடிக்கவே இல்ல.

– எப்படி அடிக்கும்? அதோட கேபிளைத்தான் நான் பிடுங்கிட்டேனே. 'பழைய பிரிண்டர், எடுத்துடலாம்'னு லேபிள் இருந்துச்சுன்னு விசாரணையில சொன்னேன். அது எங்கேன்னாங்க. கேபிளோட குப்பையில போட்டேன்னேன். சிரிச்சாங்க.

– வெண்டெல், கொஞ்சம் உட்காரேன்.

– ஹில்டா கார்ல காத்துக்கிட்டிருக்கா. பிராண்டன்ல என் மச்சான் பண்ணையில ஆள் வேணுமாம், பார்க்கப் போறோம்.

– அந்த லேபிளை எழுதினது நான்தான். பிரிண்டரைத் தூக்கின அன்னைக்கு ஒட்டினேன். ஏப்ரல்ல அலாரத்துக்கு அவசரமா ஒரு லைன் கேட்டாங்க. சும்மா கிடந்த அதே கேபிளை எடுத்து மாட்டினேன். லேபிளை அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன். சத்தியமா மறந்தே போச்சு.

– அந்தக் கோட்டை எடு, மார்செல்.

– விசாரணையில உன் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கல. உன்னை நடுத்தெருவுல நிறுத்தினவன் நான்தான்டா.

– தெரியும்.

– தெரியுமா? அப்போ யாரு எழுதினதுன்னு அவங்க கேட்டப்போ, ஞாபகமில்லைன்னு ஏன் சொன்னே?

– நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். சரி விடு.

– விடமாட்டேன். இப்பவே மேல போய்ச் சொல்றேன், நீயும் கூட வா. ஆனா ஒண்ணு கேக்கணும். நீ யாரோட லேபிளையும் நம்பமாட்டியே. கேபிளைக் கையால பிடிச்சுக்கிட்டே மறுமுனை வரைக்கும் போய்ப் பார்த்துட்டுத்தானே கழட்டுவே. அன்னைக்கு ஏன் பார்க்கல?

– உன் கையெழுத்தா இருந்துச்சேடா.