பழைய டைனமோ வயர்

பழைய காருக்கு ஓல்டனேட்டர் பூட்டுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. பொறுமையும் சுத்தமான கையும் இருந்தால் போதும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே எல்லோரும் 'தாஹிரின் கவனக்குறைவு' என்கிறார்களாம். மானிப்பாய் வீதியில் இத்தனை வருடமாக வாகனங்களுக்கு வயர் இழுக்கிறேன். ஒருவர்கூட வேலை பிழைத்தது என்று திரும்பி வந்ததில்லை. நான் வாக்குமூலம் தர ஒத்துக்கொண்டதே அந்தச் சொல்லை எடுத்துவிடத்தான்.

இணுவில் சிவசுப்பிரமணியம் அண்ணை தன்னுடைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரைக் கொண்டுவந்தார். சங்கக்கடை மனேச்சராக இருந்து பென்ஷன் எடுத்தவர். மகள் டிலக்ஷிக்குக் கலியாணம். தாலி கட்டிய பிறகு கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது பொம்பிளையும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. முன்னால் மேளம் போகும், கார் பின்னால் ஊர்ந்து வரும். ஊர்ந்து ஓடும்போது டைனமோ பற்றறிக்கு ஒன்றும் கொடாது. அவரோ சோடனை பல்ப், வீடியோக்காரனின் லைற், உள்ளுக்கு விசிறி எல்லாம் கேட்டார். ஆகவே டைனமோவைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஓடினாலும் கரண்ட் கொடுக்கிற ஓல்டனேட்டர் பூட்டுவோம் என்றேன். அது சரியான யோசனை. யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் காரைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அது எங்கள் வாப்பாவின் கார். அதே இளநீலம். வாப்பா அதை வேப்பமரத்துக்குக் கீழே விட்டுத் துடைப்பார், நான் பின்சீற்றில் ஏறிப் படுத்திருப்பேன். எனக்கு அப்போது ஆறு வயது. தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்த இயக்கம் முஸ்லிம்களான எங்கள் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னது. வீட்டையும் காரையும் விட்டுவிட்டு, நடந்தும் லொறியில் தொங்கியும் போனோம். போகும்போது மறித்துச் சோதித்தவர்கள் என் அக்கா, ராத்தா றபீக்காவின் காதுத் தோட்டைக்கூட விடவில்லை. தங்கச்சி நிலூபா புத்தளத்து முகாமில் காய்ச்சலில் போய்விட்டாள். இதையெல்லாம் நான் வருகிற ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. வேலையைத் தொடங்கினேன்.

அந்தக் காலத்துக் கார்களில் பற்றறியின் பிளஸ் முனைதான் காரின் இரும்போடு சேர்ந்திருக்கும். ஓல்டனேட்டருக்கு மைனஸ் சேரவேண்டும். அதை மாற்ற மறந்து பூட்டுகிறவன்தான் கவனக்குறைவான ஆள். நான் மறக்கவில்லை. சின்ன ஓல்டனேட்டரே அந்தக் காருக்குப் போதும். அதையும் பெரியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"பெரிசாய்ப் போடு தம்பி. என்ரை பிள்ளையின்ரை கலியாணம்" என்றார் அவர்.

பொனட்டுக்குள் ஒரு சேலைன் போத்தல் கட்டித் தொங்கியது. அதில் பாதிக்குப் பெற்றோல் இருந்தது.

"இது என்னத்துக்கு அண்ணை?"

"அது கிடக்கட்டும். சண்டையிலை பெற்றோல் தடை இருந்த காலத்திலை உதாலைதான் ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயிலை ஓடினனாங்கள். பிறகு இப்ப பெற்றோல் வரிசை வந்த நேரமும் உதுதான் கைகொடுத்தது. பழகிப் போச்சு." பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தார். "நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது தம்பி. நீங்கள் நல்ல நேரம் பார்த்து ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டியள்."

நான் "ஓம் அண்ணை" என்றேன். கையில் பிடித்திருந்த குறட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஆனால் ஐயா, என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. அவர் குத்திக் கதைக்கவில்லை. பகிடியும் விடவில்லை. எங்கள் மேல் கொஞ்சம் பொறாமையோடு, மனதார, அன்பாகத்தான் சொன்னார். கொண்டுவந்த பணிசில் பாதியைப் பிய்த்து எனக்கும் தந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நிலூபா என்று ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை. பணிசை நான் தின்றேன்.

டைனமோவிலிருந்து வந்த வயர் பழையது, துணி சுற்றியது. டைனமோ கொடுக்கும் கரண்டைத்தான் அது தாங்கும். பெரிய ஓல்டனேட்டருக்கு அது காணாது. எல்லா லைற்றும் எரிந்தால் காய்ச்சிய இரும்பு மாதிரிச் சுடும். தடித்த வயர் என் கடையில் சுருள் சுருளாகக் கிடந்தது. நான் பழையதையே விட்டேன். பார்க்கிறவருக்குப் புதிதாகத் தெரியட்டும் என்று அதன் மேல் கறுப்பு உறை போட்டேன். பியூஸ் வைக்கவில்லை. பிறகு அந்த வயரை வளைத்துப் போத்தலுக்குக் கீழே கொண்டுபோய் நேர்த்தியாகக் கிளிப் அடித்தேன். அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பனி வேலை மாதிரி இருக்கு" என்றார். இப்போது சொல்லுங்கள், இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

காரை எடுக்க டிலக்ஷியும் தகப்பனோடு வந்தது. கலியாண அழைப்பைக் கையில் தந்து, "அங்கிள், அன்ரியையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும். மரக்கறிச் சாப்பாடுதான், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை" என்றது. நல்ல பிள்ளை. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் மனைவி ஷம்னாவும் போனோம், சாப்பிட்டோம். அண்ணை என்னை நாலு பேருக்குக் காட்டி, "கார் வேலை தம்பியின்ரைதான்" என்று சொன்னார். மேளம் தொடங்கியது. அண்ணைக்கு மருமகன் முறையான யதுசன் காரை ஓட்ட, மாப்பிள்ளை கோபிசங்கரும் டிலக்ஷியும் பின்னால் இருந்தார்கள். எல்லா லைற்றும் எரிந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. சந்திக்குப் போவதற்குள் பொனட்டிலிருந்து புகை வந்தது, பிறகு நெருப்பு. யதுசன் பாய்ந்துவிட்டான். மாப்பிள்ளையை இழுத்து எடுத்தார்கள். பிள்ளை கூறைச் சேலையும் மாலையுமாகச் சிக்குப்பட்டிருந்தது. அதன் பக்கத்துக் கதவைத் திறக்க நேரம் போய்விட்டது.

அண்ணைதான் ஓட்டுவார் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். ஓம் என்றால் உங்களுக்கு அது வசதியான பதில், எனக்கும்தான். ஆனால் இல்லை. கால்மாறுகிற காரில் பெண்ணின் தகப்பன் போவதில்லை. அவர் மண்டப வாசலில் நின்று கை காட்டுவார். அவர் அங்கே நிற்கவேண்டும், பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். நல்ல நேரம் பார்த்து வெளிக்கிடுவது என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியவேண்டாமா? இப்போது தெரியும். அவரைப் பார்த்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். என் கோபம் தணிந்ததா என்றால், இல்லை. இன்னும் அப்படியே கிடக்கிறது.

நேற்று ராத்தா இங்கே வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் ஊரை விட்டுப் போகும்போது அவர் வளர்ந்த பிள்ளை.

"வாப்பாட்டை ஏதடா கார்? கடை முதலாளியின்ரை காரைத்தானே அவர் ஓட்டினவர். அதுவும் மொறிஸ் மைனரடா தாஹிர். எங்களிட்டைச் சைக்கிளைத் தவிர என்ன இருந்தது?"

ராத்தாவுக்கு வயது போய்விட்டது, ஞாபகம் தடுமாறுகிறது. அவர் சொன்னதை நீங்கள் எழுதவேண்டாம், ஐயா. அது வாப்பாவின் கார் இல்லையென்றால் அந்தப் பிள்ளையை நான் சும்மா கொன்றதாகிவிடும். ஆகவே அது வாப்பாவின் கார்தான் என்று எழுதுங்கள்.