கோட்டுக்கு முன்னால் போட்ட பிரேக்

சக்கரம் சுழலாமல் சமூகம் சுழலாது என்பதைச் சட்டைக் காலரில் படிந்த புழுதியாலேயே எழுதிக்காட்டும் இந்தப் பணிமனையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் மேலாளர் அவர்களே! முன்வரிசையில் முறுக்கிய மீசையோடும் மூட்டுவலியோடும் வீற்றிருக்கும் மூத்த ஓட்டுநர்களே! ‘சில்லறை இல்லை’ என்ற ஒரே வரியை ஓராயிரம் ராகத்தில் பாடிய நடத்துநர் பெருமக்களே! கிரீஸ் காயாத கரங்களால் கைகுலுக்கி என் வெள்ளைச் சட்டையைக் கௌரவித்த பணிமனைத் தோழர்களே! இவர்கள் வீடு திரும்பும் நேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை என்று தெரிந்தும் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

அடைமொழி போதும். செயலாளர் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இன்னும் பாதி இருக்கிறது. அதிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

பேச்சுக்கு முன் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு. பேச்சு பிடித்தால் கைதட்டுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள். விசில் மட்டும் அடிக்காதீர்கள். காரணம் வரும்.

என்னை ஏன் அழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உலக சாதனைக்கு முயன்றவன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்கு வேண்டியது என் மாமனாரைப் பற்றிய செய்தி. இதே பணிமனையில் முப்பது ஆண்டு பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பிரேக் போட்டால் எஞ்சின் மூடிமேல் வைத்த தண்ணீர் டம்ளர் சிந்தாது என்பதால் ‘தளும்பாத அண்ணன்’ என்று நீங்கள் பட்டம் கொடுத்த மனிதர். அவர் ஓட்டப்பந்தயத்தில் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார், வயசாகிவிட்டது, கதை முடிந்தது என்று உங்கள் கேன்டீனில் ஒரு வதந்தி ஓடுகிறது. உங்கள் வண்டிகளைவிட வேகமாக ஓடுகிறது. அதைப் பழுதுபார்க்க வந்திருக்கிறேன். பழுதுபார்ப்பதுதான் என் தொழில்.

பொட்டலம் கட்டும் இயந்திரங்களை ஊர் ஊராகப் போய்ச் சரிசெய்கிறேன். ஒரு பாகம் சரியாகும், அடுத்த பாகம் வரும்வரை லாட்ஜில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்க எனக்கு வராது. அதனால் சாதனை. என்ன சாதனை? எது கிடைக்கிறதோ அது.

முதலில், நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் கோபுரம் கட்டும் சாதனை. லாட்ஜ் மேசையில் கழுத்தளவு கட்டினேன். அறைக் கதவு அடித்துச் சாத்தியது. கோபுரம் குடிமுழுகியது. அடுத்து, தலையில் நிறைந்த டம்ளரோடு பின்பக்கமாக நடக்கும் சாதனை. ஒரு தொழிற்சாலை வளாகத்தில் பயிற்சி எடுத்தேன். முதுகில் ஏதோ இடித்தது. காவலாளியின் கூண்டு. அவர் அசரவில்லை. ‘சார், பின்னாடி நடந்து வந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வெளிய போகணும்’ என்றார். தலையில் டம்ளரோடு கையெழுத்துப் போட்டேன். அதற்குத் தனிப் பிரிவு கிடையாதாம்.

என்ன ஐயா சிரிப்பு? நான் நகைச்சுவை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் பயணங்களில் எனக்கு வண்டி ஓட்டியவர் என் மாமனார். ஏற்பாடு என் மனைவியுடையது. ‘நீங்க ஓட்டினா நான் தூங்க முடியாது, அப்பா ஓட்டினா ரெண்டு பேர் வீட்டுலயும் தூங்கலாம்’ என்றாள். ஒரே ஒரு சிக்கல். அவர் என்னோடு பேசமாட்டார்.

ஏன் பேசமாட்டார்? நானும் அவர் மகளும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, செய்த பிறகு தொலைபேசியில் சொன்னோம். ‘சரி’ என்றார். வைத்துவிட்டார். அன்றோடு சரி. திட்டினாரா? இல்லை. தள்ளிவைத்தாரா? இல்லை. வீட்டுக்கு வரும்போது பழம் வாங்கி வருவார். அதை மகளிடம் கொடுப்பார். மின்சாரம் ஊருக்கெல்லாம் உண்டு, என் வீட்டுக்கு மட்டும் இணைப்பு இல்லை. அப்படி ஒரு நிலை.

வண்டியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் மகளுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைப்பார்.

‘அவரைக் கதவை நல்லா இழுத்துச் சாத்தச் சொல்லும்மா.’

‘சாத்தியாச்சுன்னு சொல்லு.’

‘நட்டு விழுந்ததுக்கு நான் காரணமில்ல, கதவைச் சாத்தினது காத்துன்னு சொல்லு.’

‘லாட்ஜுல ஜன்னலே கெடையாதுன்னு சொல்லு.’

‘ரெண்டு பேரும் பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க?’ என்பாள் என் மனைவி. ‘நான் ஆபீஸ்ல வேலை பாக்கட்டுமா, உங்களுக்குத் தபால் பட்டுவாடா பண்ணட்டுமா?’

அவருக்கு நான் ‘அவர்’. ஒரு நாளும் ‘மாப்பிள்ளை’ இல்லை. எனக்கு அதனால் என்ன நட்டம் என்று பொறியாளனாக யோசித்தேன். கணக்கில் எதுவும் வரவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு சொல் எனக்கு வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது சாதனைக்கு வருகிறேன். இருவர் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நூறு மீட்டர் ஓடுவது. அதில், இருவருக்கும் வயது வித்தியாசம் முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு. சிரிக்காதீர்கள், அதிலும் போட்டி உண்டு. எங்கோ ஒரு நாட்டில் ஒரு தாத்தாவும் பேரனும் வைத்த சாதனை அசையாமல் நிற்கிறது. இந்த ஓட்டத்துக்குக் கால் நீளம் பொருந்த வேண்டும். யாருடைய கால்? ஒருநாள் வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் நகர்த்தவும் தேவையில்லை, பின்னால் நகர்த்தவும் தேவையில்லை. பாதம் பெடலில் பதமாகப் பதிந்தது. இந்த உலகத்தில் என் காலுக்குப் பொருந்திய ஒரே கால், என்னோடு பேசாத மனிதரின் கால்!

மகள் வழியாகக் கேட்டேன். பதில் மகள் வழியாக வந்தது. ‘ஓடணும்னா ஓடுறேன்னு சொல்லு. பேசணும்னா முடியாதுன்னு சொல்லு.’

ஓடினோம். லாட்ஜ் தாழ்வாரத்தில் ஓடினோம். லாரி நிறுத்துமிடத்தில் ஓடினோம். சரக்குக் கிடங்கின் சந்தில் ஓடினோம். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ண அவர் வாய் திறக்கமாட்டார். எண்ணினால் என்னோடு பேசியதாகிவிடும் அல்லவா? ஆகவே போனைச் சுவரில் சாய்த்து வைப்போம். என் மனைவி அலுவலகத்திலிருந்தபடி, ‘ம்... போங்க ரெண்டு பேரும்’ என்பாள். அதுதான் எங்கள் தொடக்க சமிக்ஞை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிழைகளையும்போல எங்கள் பிழையும் பயிற்சியில்தான் பிறந்தது.

போட்டி நாள். வேற்றூர். மைதானம். கோட்டும் சூட்டும் போட்ட சாதனைப் பதிவாளர்கள் இருவர். நடுவர் ஒருவர். வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவி. காலைக் கட்டினோம், தோளைப் பற்றினோம், குனிந்தோம். நடுவர் விசிலை எடுத்தார். நீளமாக, அழகாக, ஒரே ஒரு விசில் ஊதினார்.

முன்வரிசையில் சிலர் இப்போதே தலையில் கைவைக்கிறீர்கள். பொறுங்கள், மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

நான் பாய்ந்தேன். அவர் அசையவில்லை. கட்டிய கால் கடப்பாரைபோல் நிற்க, கட்டாத கால் காற்றில் பறக்க, நான் புழுதியைப் புசித்தேன். எழுந்து பார்க்கிறேன். வேலிக்கு அப்பால் மனைவி. அவளுக்கு நாங்கள் பேசுவது கேட்காது. போன் பையில், பை அவளிடம். தபால் சேவை முற்றிலும் நின்றுவிட்டது.

அவர் ஓடுபாதையைப் பார்த்தபடி பொதுவாகச் சொன்னார். ‘ஒத்த விசிலுக்கு எவனாவது வண்டிய எடுப்பானா?’

‘எடுக்கமாட்டான்!’ என்கிறீர்கள். தெரியும். இந்தப் பந்தலில் இருப்பவர்கள் எல்லாரும் அவர் கட்சி. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு. உங்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாடம். நடுவருக்கு? ‘இரண்டு விசில் ஊதுங்கள்’ என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருவதாகவும் சொன்னார்.

அப்போது, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, நான் அவரிடம் நேராகக் கேட்டேன். ‘விசில் அடிச்சதும் நான் ரைட் சொன்னா எடுப்பீங்களா?’

அவர் யோசித்தார். ஒரு பிடிவாதக்காரனுக்கும் ஒரு ஒழுங்குக்காரனுக்கும் அவருக்குள் சண்டை நடந்தது. ‘கண்டக்டர் சொன்னா எடுத்துத்தானே ஆகணும்’ என்றார்.

மீண்டும் குனிந்தோம். விசில் ஒலித்தது. அவர் நின்றார். நான் நெஞ்சு கிழியக் கத்தினேன்: ‘போலாம், ரைட்!’

பெரியோர்களே! அது ஓட்டமா? ஓட்டம் அல்ல, உருட்டு! நான்கு கால் மூன்றாகி, மூன்றும் ஒன்றாகி, முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று அவர் மாற்றிய மாற்றம் என் தொடையில் தெரிந்தது! அவசரக்காரன் நான், அன்று என்னை இழுத்துக்கொண்டு போனவர் அவர்! பாதி தூரத்திலேயே, கடிகாரக் கணக்கில், தாத்தாவும் பேரனும் பின்னால் விழுந்துவிட்டார்கள். பதிவாளர்கள் எழுந்து நின்றார்கள். கோடு தெரிகிறது! கோடு நெருங்குகிறது! கோட்டுக்கு ஒரு கை தூரம்!

ஒரு விசில்.

வேலிக்கு அப்பாலிருந்து. இரண்டு விரலை வாயில் வைத்து. ஆனந்தத்தில். அடித்தது யார்? என் மனைவி. அவளுக்குச் சிறுவயதில் விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அவளுடைய அப்பா.

நின்றது வண்டி! குலுக்கல் இல்லை, குதிப்பு இல்லை. கூட்டத்தில் தோளில் தூங்கிக்கொண்டு வந்த குழந்தைகூட விழித்திருக்காது. அப்படி ஒரு நிறுத்தம். மூச்சு வாங்கியதா? நான் பக்கத்தில் இருந்தேன், வாங்கியது எனக்கு! கேன்டீன்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் தளர்ந்து நிற்கவில்லை. தடுமாறி நிற்கவில்லை. விசில் கேட்டது, நிறுத்தினார். உலகமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும் நிறுத்தினார்!

நிறுத்திவிட்டு, தோளுக்குமேல் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

‘யாரு மாப்ள எறங்கணும்?’

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கோட்டைத் தாண்டியிருப்போம். நான் இழுக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.

‘யாருமில்ல மாமா. உங்க பொண்ணுதான் அடிச்சா.’

‘அவளா? ஏறின வண்டிய விட்டு எறங்குற ஆளா அவ? நேரமாவுது மாப்ள, ரைட் சொல்லு.’

சொன்னேன். நிதானமாகக் கோட்டைத் தாண்டினோம். தாத்தாவும் பேரனும் இன்றும் சாதனையாளர்கள். நன்றாக இருக்கட்டும். என் மனைவியிடம் கேட்டேன், ‘அடிச்சதுதான் அடிச்சே, ரெண்டா அடிச்சா என்ன?’ என்று. ‘சந்தோஷத்துக்கெல்லாம் எண்ணியா விசிலடிப்பாங்க?’ என்றாள். இந்த அமைப்பில் வடிவமைப்புக் குறை இருக்கிறது என்பது இன்றும் என் தொழில்முறைக் கருத்து. அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் கேட்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. மேலாளர் மூன்று முறை அழைத்தும் மாமா மேடைக்கு வரவில்லை. ‘மேடையெல்லாம் எனக்கு ஆகாது மாப்ள’ என்று அதோ அந்தத் தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் வராதவரை வரவைக்க ஒரே வழிதான் உண்டு. ஆகவே தடையை நீக்குகிறேன். எல்லாரும் சேர்ந்து இரண்டு விசில். எண்ணி இரண்டு. ஆர்வத்தில் எவராவது ஒன்றோடு நிறுத்தினால் அவர் படியிலேயே நின்றுவிடுவார்; அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அவர் புறப்பட்டுவிட்டால் எனக்குப் பேச நேரமிருக்காது. எனவே அழைத்தவர்களுக்கு நன்றியையும், அமர்ந்து கேட்டவர்களுக்கு வணக்கத்தையும் இப்போதே இறக்கி வைத்துவிடுகிறேன்.

எங்கே, ஆகட்டும்... ஒன்று... இரண்டு!

எழுந்துவிட்டார். வழி விடுங்கள்.

மாமா, போலாம், ரைட்!