கேட்டதை இல்லை என்று சொல்லாத வீடு

கரிமீனை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். ஆறிப்போனால் அதற்கு மரியாதை இல்லை. நீங்கள் கேட்க வந்த விஷயம் எங்கும் ஓடிவிடாது. நானும் ஓடமாட்டேன், முட்டுவலிக்காரி.

வெளியே தடதடவென்று கேட்கிறதே, அந்த எஞ்சின்தான் உங்களுக்கு ஆள் அனுப்பச் சொன்னது. காயலை இறைத்து வயலாக்குகிறார்கள். பர்மா அரிசி நின்றதிலிருந்து ஊரே மரச்சீனிக் கிழங்கைத் தின்று ஏப்பம் விடுகிறது. அதனால் அரசாங்கத்துக்கு எங்கே தண்ணீரைக் கண்டாலும் நெல்லாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்ச நாளில் நடுக்காயலில் ஒரு படகு சேற்றுக்கு மேலே தலைநீட்டும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவதைவிட நானே கூப்பிட்டுச் சொல்வதுதான் முறை. மூன்று தலைமுறையாக விடுதி நடத்துகிற குடும்பம், முறை தவறக்கூடாது.

என் தாத்தா யோசுவா நெய்யூர்ப் பக்கத்துக்காரர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரராக இருந்தார். துரைக்கு வாத்து சுடுவதில் பிரியம், பிராந்தியில் அதைவிடப் பிரியம். இரண்டையும் நிம்மதியாகச் செய்ய இந்தப் பங்களாவைக் கட்டினார். சீமையிலிருந்து ஒரு சின்னப் படகும் வரவழைத்தார். ஒருநாள் காலையிலேயே பிராந்தி கேட்டார், தாத்தா கொடுத்தார். இன்னும் கேட்டார், இன்னும் கொடுத்தார். படகைக் கேட்டார், அதையும் இறக்கிக் கொடுத்தார். துரையின் தொப்பி மட்டும் ஆம்பல் கொடியில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது. படகைப் பிறகு மூழ்கி எடுத்தார்கள். சீமையிலிருந்து உரிமை கேட்டு யாரும் வராததால் வீடு தாத்தா கையில் தங்கிவிட்டது. சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் இதைக் கர்த்தர் கொடுத்த ஈவு என்பார். கர்த்தரும் இல்லை என்று மறுத்ததாகத் தெரியவில்லை.

தாத்தா எங்களுக்கு விட்டுப்போன வேதம் ஒரே வசனம். "மக்களே, வந்து தங்குதவன் கேட்டத இல்லண்ணு சொல்லப்பிடாது, கேட்டியா? இல்லண்ணு சொல்லாததுனாலதான் நமக்கு இந்த வீடு."

அப்பா ஞானாபரணம் அதை அப்படியே காப்பாற்றினார். ஓய்வு பெற்ற ஜட்ஜி ஒருவர் மூச்சிரைப்புக்கு நல்ல காற்று வேண்டுமென்று வந்தார். சாகும்வரை கிழக்கறையிலேயே இருக்கட்டுமா என்று கேட்டார். பார்த்தால் கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டார் போலிருந்தது, அப்பாவும் சரி என்றுவிட்டார். காயல் காற்றும் அம்மாவின் கோழிக்குழம்பும் சேர்ந்து அந்த மனுஷனைத் தேக்கு மரமாக்கிவிட்டன. இரண்டு சாய்வு நாற்காலியை உட்கார்ந்தே உடைத்தார். கடைசியில் அப்பாவை அடக்கம் பண்ண முன்னால் நடந்துபோனதும் அவர்தான்.

எங்கள் மேஜையில் உட்கார்ந்து மனம் மாறாமல் எழுந்தவன் கிடையாது. வரியை ஏற்ற வந்த அதிகாரி இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். முகம் பார்க்காத சம்பந்திகள் ஒரே தட்டிலிருந்து ஆப்பம் எடுத்திருக்கிறார்கள். நானும் அந்த நம்பிக்கையில்தான் மராமத்து இலாகாவிலிருந்து வந்த ஸ்ரீகண்டனுக்குக் கிழக்கறையைத் திறந்துவிட்டேன். காயலின் ஆழத்தை அளக்க வந்தவர். ஆழம் அதிகம் என்று அவர் எழுதினால் காயல் பிழைக்கும், காயல் பிழைத்தால் நாங்கள் பிழைப்போம். காயல் இல்லாத காயல்கரை விடுதிக்கு யார் வருவார்கள், நாற்று நடுவதைப் பார்க்கவா?

கரிமீனை வாழையிலையில் பொதிந்து பொள்ளித்தேன், கோழி பொரித்தேன், ஆப்பம் சுட்டேன். அவர் மேஜைக்குத் தள்ளியே நின்று கை கூப்பினார்.

"தப்பா நெனைச்சுக்கப்படாது அம்மா. எனக்குக் கரமனையில ஆத்துலேந்தே டிபன் காரியர் வந்துடும். இங்கே ஒரு எளநீர் மட்டும் போறும்."

நல்ல பிள்ளை சார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று தலைமுறையில் எங்கள் மேஜையிலிருந்து கைநனைக்காமல் போன ஒரே ஆள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது, மறைக்கவில்லை. சாப்பிட்டிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

தினமும் பகவதிப்பெருமாளின் வள்ளத்தில் போய்க் கயிறு விட்டு அளந்துகொண்டு வந்தார். பகவதிப்பெருமாள் எங்களுக்கு மீன் பிடித்துத் தருகிறவன். ஒரு சாயங்காலம் எப்படி இருக்கிறது காயல் என்று கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

"ஆழமே இல்லம்மா. சுளுவா எறச்சுடலாம். எத்தனையோ குடும்பத்துக்குச் சோறாச்சே."

"எங்க குடும்பத்துக்கு?"

"நீங்க டவுனுக்கு வந்துடுங்கோ. நானே நல்ல எடமாப் பாத்துத் தரேன். நாளைக்கு நடுவுல மட்டும் அளந்துட்டா என் ஜோலி முடிஞ்சுது. ஒரு ஒத்தாசை பண்ணணும் அம்மா. மீன் ஏத்தாத வள்ளம் ஏதாவது உண்டா? இந்த நாத்தத்துல உக்காந்துட்டுப் போய் சந்தியாவந்தனம் பண்ண மனசு வரல."

இருந்தது. துரையின் படகு கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. அதில் யாரும் மீன் ஏற்றியதில்லை, துரையைத் தவிர வேறெதையும் ஏற்றியதில்லை என்றே சொல்லலாம். கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்றேன். நீச்சல் வருமா என்றும் அக்கறையாக விசாரித்தேன். கரமனையாற்றில் இடுப்பளவுத் தண்ணீரோடு சரி என்றார்.

அந்தப் படகின் அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு துளை உண்டு. கரையேற்றினால் மழைத்தண்ணீர் வடிவதற்காக. இறக்கும்போது மரத்தக்கையில் கயிற்று நார் சுற்றி அடித்து இறுக்க வேண்டும். அதைக் குடும்பத்தில் மூத்தவர்தான் செய்யலாம், வேலைக்காரர் கை படக்கூடாது. துரை போன பிறகு தாத்தா ஏற்படுத்திய வழக்கம். ஏன் ஏற்படுத்தினார் என்று நான் கேட்டதில்லை, பெரியவர்களிடம் அதெல்லாம் கேட்கக்கூடாது.

மூத்தவள் நான்தானே. காலையில் பகவதிப்பெருமாளைச் சாலைக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டு, படகின் துளையை நானே அடைத்தேன். தக்கைக்குப் பதிலாக வாழைத்தண்டை நறுக்கி வைத்தேன். சுத்த சைவம், அவருக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது. கரையோரம் தாங்கும், நடுவில் ஊறி நழுவிவிடும். நிஜத் தக்கை இதோ, அடுப்பங்கரை ஆணியில் தொங்குகிறது. போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படகில் ஏறுவதற்கு முன் வாசனை பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

அன்று மத்தியானம் டிபன் காரியர் வழக்கம்போல வந்தது. வீணாக்கக்கூடாதென்று நான்தான் சாப்பிட்டேன். தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். அவர் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு நல்ல கைப்பக்குவம், பாவம், சின்னப் பெண். காரியரைத் தேய்த்துக் கழுவி, எங்கள் தோட்டத்து ரசகதலிப் பழம் நிறைய வைத்து அனுப்பினேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கமும் எங்களுக்குக் கிடையாது.

சடலம் ஆம்பல் ஓரம் ஒதுங்கியது. உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் படகு கவிழ்ந்தது என்று எழுதி முடித்தார். அவரும் இதே நாற்காலியில்தான் சாப்பிட்டார்.

அப்புறம் இலாகா வேறு ஆளை அனுப்பியது. எங்கள் சபைக்காரர், எலும்பைக்கூட விடவில்லை. அவர் இருந்த நாளெல்லாம் கோழிக்கூடு காலியாகிக்கொண்டே வந்தது. மூன்று வேளையும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, காயலைத் தாராளமாக இறைக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, அதனால்தான்.

ஸ்ரீகண்டன் படகில் போன அந்தக் காலையில் என்ன பார்த்தேன் என்றா கேட்கிறீர்கள்? எல்லாம் பார்த்தேன். படித்துறையில்தான் நின்றேன். பகவதிப்பெருமாளின் மீன் வள்ளம் என் காலடியில் கட்டிக்கிடந்தது. எனக்குத் துடுப்புப் போட நன்றாக வரும், இந்தத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். அவர் முதலில் உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். பிறகு எழுந்து நின்றார், அதுதான் தப்பு. கவிழ்ந்த படகு ஆழத்துக்குப் போனது. அவர் ஆம்பல் கொடியைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, அந்த வள்ளத்தைக் கொண்டு வாங்கோ. மீன் வள்ளம்னாலும் பரவாயில்லை, கொண்டு வாங்கோ."

திரும்பத் திரும்பக் கேட்டார். நீங்கள் எழுதும்போது இதை மட்டும் சரியாக எழுதுங்கள், சார். நான் இல்லை என்று சொல்லவில்லை. தாத்தாவின் வாக்கை அந்த நேரத்திலும் மீறவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல், அவர் கேட்பது நிற்கும்வரை படித்துறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.