தொண்டையை அரித்த துவையல்

ருசி நாக்கில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா என்று கேட்டேன். சபையில் ஆளுக்கொரு பதில் சொல்கிறீர்கள்... நான் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. ஒரு சின்னக் கதையாகச் சொல்லிப் பார்க்கிறேன். வரிசையாகத்தான் எனக்குச் சொல்ல வரும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரில் என் சிநேகிதர் சந்தானத்தின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ராகு காலம் கழியட்டும் என்று முதலில் சாப்பாடு, பிறகு தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் பெரியப்பா பஞ்சாபகேசன் எனக்குப் பக்கத்து இலை. பச்சை நிறத்தில் ஒரு துவையல் பரிமாறினார்கள். மனிதர் சொக்கிப் போனார்.

"அடடா... இன்னும் கொஞ்சம் போடுங்கோ! இந்தத் துவையலுக்கே பொண்ணு எடுக்கலாம் ஓய்!"

எதிர் வரிசையில் ஒரு மாமி. மெதுவாகத்தான் சொன்னாள். "இது பிரண்டை மாதிரின்னா இருக்கு?"

பிரண்டைத் துவையல் எங்கள் வீடுகளில் எப்போது அரைப்பார்கள்? திவசத்துக்கு! சரியாக வதக்காவிட்டால் தொண்டை அரிக்கும். இதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பாவின் கை நின்றது. ஒரு இருமல்... இன்னொரு இருமல். முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டுகிறது. "அரிக்கறதே! தொண்டை அரிக்கறதே! சுபகாரியத்துல திவசச் சமையலா? எல்லாரும் எழுந்திருங்கோ. தட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

சந்தானம் கைகூப்பி நிற்கிறார். அறை வாசலில் பட்டுப்புடவையோடு அந்தப் பெண்... நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? என் தொண்டையும் அரித்துக்கொண்டிருந்ததே!

அப்போது சந்தானத்தின் மனைவி விசாலம் சமையலறையிலிருந்து ஒரு கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தோல் சீவிய பீர்க்கங்காய்கள்.

"ராத்திரி கூட்டுக்குன்னு சீவினது, மாமா. தோலைத்தான் துவையலா அரைச்சேன். பிரண்டை இந்த ஆத்துக்குள்ளயே வரலை."

எதிர் வரிசை மாமி உடனே, "நான் 'மாதிரி'ன்னுதானே சொன்னேன்!"

பீர்க்கங்காய்த் தோல்! அது யார் தொண்டையை அரிக்கும்? பெரியப்பா எச்சில் விழுங்கிப் பார்த்தார். நானும் விழுங்கிப் பார்த்தேன். இல்லை... அரிப்பு போன இடம் தெரியவில்லை! ஆனால் அவர் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. நடிப்பில்லை ஐயா, பக்கத்தில் இருந்து பார்த்தேன். தட்டு மாற்றினார்கள், எனக்கு மட்டும் அந்தத் திகைப்பு இன்றுவரை போகவில்லை.

சொல்லுங்கள்... அரித்தது எது? இலையில் விழுந்த துவையலா, காதில் விழுந்த சொல்லா? மூளை முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. நாக்கையும் தொண்டையையும் பிறகு சாட்சிக்குக் கூப்பிடுகிறது. அவையும் வந்து, ஆமாம் ஆமாம் என்கின்றன! ஆகவே, நாளை ஒரு தட்டைத் தள்ளிவைக்கும் முன்... சமைத்தவர் மேல் சீறும் முன்... ஒருமுறை எச்சில் விழுங்கிப் பாருங்கள். அன்று ஒரு பெண்ணின் கல்யாணமே அந்தத் தொண்டையில்தான் சிக்கிக்கொண்டிருந்தது.